பண்பலை ஆண்டெனாவைக் கட்டுதலும் காத்தலும்

கிராம முன்னேற்றத்திற்கு வானொலி ஆற்றியுள்ள தொண்டினை நாம் அனைவரும் அறிவோம். ஊராட்சிக் கட்டடத்தின் முன்றிலில் மாலை வேளைகளில் மக்கள் கூடியமர்ந்து, பொது வானொலிப் பெட்டியின் வாயிலாக வேளாண்மைச் செய்திகளைக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. 1956-ஆம் ஆண்டில், அந்நாளைய பம்பாய் மாநிலத்தில், பூனா வானொலி நிலையத்தின் ஒலிபரப்பைக் கேட்கும் பொருட்டு ஐந்து மாவட்டங்களைச் சார்ந்த 150 கிராமங்களில் வானொலிக் கேட்போர் மன்றங்கள் அமைக்கப்பெற்றன. கேட்பதோடு நில்லாமல், கேட்டதைப் பற்றிக் கூடி விவாதித்து முடிவு காண்பதே அம்மன்றங்களின் நோக்கமாகும். அம்முயற்சி நற்பயன் அளித்தமையால், 1959 முதற்கொண்டு நாட்டின் பிற பகுதிகளிலும் அம்முறை பின்பற்றப்பட்டது.

அக்காலத்தில் நகரம் பேசிற்று, கிராமம் கேட்டது. பின்னர் அந்நிலை மாறத் தொடங்கியது. வான் அலைகள் பொதுமக்களின் உடைமை என்று உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தீர்ப்பளித்தது. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னை அண்ணா பல்கலைக் கழகத்தில் சமுதாய வானொலி நிலையம் தொடங்கப்பெற்றது. முதலில் கல்வி நிலையங்களுக்கு மட்டும் வழங்கப்பட்ட இவ்வுரிமை, 2006-ஆம் ஆண்டு நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அதன் பயனாக, ஆழிப்பேரலையால் துன்புற்ற நாகப்பட்டினம் கடற்கரையில் விழுந்தமாவடி என்னும் ஊரில் களஞ்சியம் சமுதாய வானொலி எழுந்தது. 2016-ஆம் ஆண்டில் பாம்பனில் மீனவ மக்களுக்கென ‘கடல் ஓசை’ தொடங்கப்பெற்றது.

இத்தகைய நிலையங்களின் ஆற்றல் சிறிது. பொதுவாக 100 வாட் அளவிற்கு மேற்பட்ட கதிர்வீச்சுத் திறன் அவற்றிற்கு அனுமதிக்கப்படுவதில்லை. ஆகவே, அவற்றின் குரல் பத்து அல்லது பதினைந்து கிலோமீட்டர் தொலைவிற்குள் தேய்ந்துவிடுகிறது. எல்லையோரத்துக் கிராமங்களில் பேச்சைக் காட்டிலும் இரைச்சலே மிகுதியாகக் கேட்கும். மற்றை நாட்களில் இது சிறு குறையே. ஆனால் புயல் நாளில் இக்குறை பெருந்தீங்காக முடியலாம். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. கைபேசிக் கோபுரங்கள் செயலற்றன. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் ஆழ்ந்திருந்தன. அத்தகைய வேளையில், பாட்டரியால் இயங்கும் ஒரு சிறு வானொலியும், அதற்குச் செவிபோல் விளங்கும் ஒரு நல்ல ஆண்டெனாவும் ஊர் முழுமைக்கும் துணையாகும்.

அத்தகைய ஆண்டெனா ஒன்றைக் கிராமத்திலேயே கட்டும் முறையையும், அதனை மழை, வெயில், உப்புக் காற்று ஆகியவற்றினின்று காக்கும் முறையையும் இக்கட்டுரையில் விளக்குவோம். இவ்விரண்டனுள் கட்டுதல் ஒரு பகற்பொழுதின் வேலை. காத்தல் பல ஆண்டுகளின் வேலை. பெரும்பாலான ஆண்டெனாக்கள் தவறான அளவினால் கெடுவதில்லை. உள்ளே புகுந்த நீரினாலேயே கெடுகின்றன. ஆதலால் பின்னதற்கே நாம் மிகுந்த இடம் அளித்துள்ளோம்.

உயரமும் நிற்கும் நிலையும்

நம் நாட்டில் பண்பலை ஒலிபரப்பு ஏறத்தாழ 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் நடைபெறுகிறது. இவ்வலைகளின் நீளம் சுமார் 3 மீட்டர். இவை ஒளியைப் போலப் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்பவை. பூமியின் வளைவைப் பற்றிக்கொண்டு நெடுந்தொலைவு செல்லும் இயல்பு இவற்றிற்கு இல்லை. ஆகவே, ஆண்டெனா எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அவ்வளவிற்கு அதன் பார்வை விரியும்.

இதனைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்க மூலத்தை 4.1 என்னும் எண்ணால் பெருக்கினால், அதன் தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் உள்ளது என்பது தெரியும். தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் மேசைமேல் உள்ள வானொலிக்குத் தொடுவானம் 4 கிலோமீட்டர். 6 மீட்டர் உயரக் கம்பத்திற்கு 10 கிலோமீட்டர். 30 மீட்டர் உயரமுள்ள நிலையக் கோபுரத்திற்கு 22 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரு பக்கத்துத் தொலைவுகளையும் கூட்டிக் கொள்ளலாம். நிலையத்தின் ஆற்றல் குறைவாயிருப்பதால் இத்தொலைவு முழுவதும் ஒலி தெளிவாக எட்டிவிடும் என்று கொள்ளுதல் கூடாது. எனினும், தென்னந்தோப்பு, சவுக்குத் தோப்பு, கான்கிரீட் வீடு ஆகிய தடைகளுக்கு மேலே ஆண்டெனாவை உயர்த்துவதனால் விளையும் நன்மை கண்கூடு.

உயரத்தை அடுத்து, ஆண்டெனா நிற்கும் நிலையைக் கவனித்தல் வேண்டும். செங்குத்தாக நிற்கும் ஆண்டெனாவிலிருந்து புறப்படும் அலையைச் செங்குத்தாக நிற்கும் ஆண்டெனாவே முழுமையாக ஏற்கும். படுக்கையாக வைத்த ஆண்டெனா அதனுள் ஒரு சிறு பங்கையே ஏற்கும். சமுதாய வானொலி நிலையங்களின் ஆண்டெனாக்கள் பெரும்பாலும் செங்குத்தானவை. ஆகவே கேட்போரும் அதனையே பின்பற்றுதல் நன்று. வீட்டுக் கூரையில் பயனின்றிக் கிடக்கும் பழைய தொலைக்காட்சி ஆண்டெனாவை வானொலியோடு இணைத்துவிட்டு, ஒலி தெளியவில்லையே என்று வருந்துவோர் உண்டு. அதன் குழாய்கள் படுக்கையாக உள்ளன என்பதும், அளவு வேறு என்பதும் அதற்குக் காரணங்களாம். மேலும், செங்குத்தான ஆண்டெனா நாற்றிசையிலிருந்தும் வரும் அலைகளை ஒருபடித்தாக ஏற்கும். திசை பார்த்துத் திருப்ப வேண்டுவதில்லை.

அளவு காணுதல்

நாம் கட்டவிருப்பது ‘அரை அலை இருமுனை’ என்னும் வகை. ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில் நிற்கும் இரண்டு கம்பிகளும், அவற்றின் நடுவே கேபிளை இணைக்கும் இடமும் கொண்டது அது. ஒவ்வொரு கம்பியும் அலைநீளத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நீளம் உடையதாயிருத்தல் வேண்டும்.

7125 என்னும் எண்ணை நிலையத்தின் மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால், ஒரு கம்பியின் நீளம் சென்டிமீட்டரில் கிடைக்கும். நாம் கம்பியைப் பிளாஸ்டிக் குழாயினுள் வைக்கப் போகிறோம். குழாயினுள் உள்ள கம்பி, தன் உண்மை நீளத்தைவிடச் சற்று நீண்டது போல் நடந்து கொள்ளும். ஆகவே கிடைத்த அளவில் 2 செ.மீ. குறைத்துக்கொள்ள வேண்டும். சமுதாய வானொலிகளில் வழங்கும் சில அலைவரிசைகளுக்குரிய அளவுகள் வருமாறு:

90.4 மெகாஹெர்ட்ஸ்: ஒவ்வொரு கம்பியும் 77 செ.மீ.
91.2 மெகாஹெர்ட்ஸ்: ஒவ்வொரு கம்பியும் 76 செ.மீ.
107.8 மெகாஹெர்ட்ஸ்: ஒவ்வொரு கம்பியும் 64 செ.மீ.

கேட்பதற்கு மட்டும் பயன்படும் ஆண்டெனாவில் ஓரிரு சென்டிமீட்டர் கூடினும் குறையினும் கேடில்லை.

வேண்டிய பொருள்கள்

1. ஓர் அங்குலப் பி.வி.சி. தண்ணீர்க் குழாய், 3 மீட்டர். மின்கம்பி பதிக்கும் மெல்லிய குழாய் வேண்டா. அது காற்றில் வளைந்துவிடும்.
2. அக்குழாய்க்குப் பொருந்தும் ‘டீ’ ஒன்று, முழங்கை வளைவு ஒன்று, மூடிகள் இரண்டு, பி.வி.சி. பசை.
3. எட்டாம் எண் செப்புக் கம்பி, சுமார் 1.6 மீட்டர். இதன் கனம் 4 மி.மீ.
4. 75 ஓம் கேபிள், வேண்டிய அளவு. இதன் மேலுறை கறுப்பாக இருத்தல் வேண்டும். வெயிலைத் தாங்குவது கறுப்பு உறையே.
5. பழைய பிளாஸ்டிக் அளவுகோலிலிருந்து வெட்டிய துண்டு ஒன்று. நீளம் 12 செ.மீ., அகலம் ஒன்றரை செ.மீ.
6. இரு பாகங்களைக் கலந்து பூசும் எபாக்சி பசை, ஈயப்பற்று வைக்கும் கருவி, நைலான் நூல், கொசுவலைத் துண்டு.
7. தானே ஒன்றிக்கொள்ளும் ரப்பர் நாடா, மின்வேலைக்குரிய பி.வி.சி. நாடா.
8. கம்பத்தில் குழாயைப் பிணைக்கத் துருவேறா எஃகுக் கிளாம்புகள் இரண்டு.

கேபிளை வாங்கும்போது ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வீடுதோறும் தொலைக்காட்சிக்கு இழுக்கப்படும் கேபிளில், நடுக்கம்பியைச் சுற்றியுள்ள பின்னல் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. அலுமினியத்தில் ஈயப்பற்றுப் பிடிக்காது. அதனைச் செம்போடு முறுக்கி வைத்தால், உப்புக் காற்று மிக்க இடத்தில் ஈரம் பட்டவுடன் அலுமினியம் அரித்துப் பொடியாகும். இரு வேறு உலோகங்கள் உப்பு நீரில் தொட்டுக்கொண்டிருந்தால், அவ்விடம் ஒரு சிறு மின்கலமாகவே மாறி, ஓர் உலோகத்தைத் தின்றுவிடும். ஆகவே செப்புப் பின்னல் உள்ள கேபிளையே கேட்டு வாங்குக. கடையிலேயே நுனியைச் சீவிப் பார்த்தால் நிறம் தெரிந்துவிடும். சில கேபிள்களில் அலுமினியத்தின்மேல் செப்பு நிறம் ஏற்றப்பட்டிருக்கும். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெண்மை தோன்றும்.

கட்டும் முறை

முதலாவதாக, குழாயை நான்கு துண்டுகளாக அறுத்துக்கொள்க. 80 செ.மீ. நீளத்தில் மூன்றும், 40 செ.மீ. நீளத்தில் ஒன்றும் வேண்டும். அறுத்த விளிம்புகளைத் தேய்த்து மழமழப்பாக்குக.

இரண்டாவதாக, 80 செ.மீ. துண்டு ஒன்றின் ஒரு முனையில் டீயின் நடுவாயையும், மற்றொரு முனையில் முழங்கை வளைவையும் பசையிட்டுப் பொருத்துக. டீயின் மற்றை இரு வாய்களும் மேலும் கீழும் நோக்க, முழங்கை வளைவு நேர்கீழே நோக்க வேண்டும். வளைவின் கீழ்வாயில் 40 செ.மீ. துண்டைப் பொருத்துக. இத்துண்டே கம்பத்தோடு பிணைக்கப்படும் பகுதி.

மூன்றாவதாக, கேபிளின் நுனியை 40 செ.மீ. துண்டின் அடிவாயினுள் செலுத்தி, வளைவையும் கிடைக்குழாயையும் கடந்து, டீயின் மேல்வாய் வழியே ஒரு சாண் அளவு வெளியே எடுக்கவும். நுனியில் மேலுறையை 3 செ.மீ. நீக்கி, பின்னலை ஒரு பக்கமாகத் திரட்டி முறுக்கவும்; நடுக்கம்பியை மறுபக்கம் பிரிக்கவும்.

நான்காவதாக, அளவுகோல் துண்டின் மேற்பாதியில் ஒரு செப்புக் கம்பியின் நுனியையும், கீழ்ப்பாதியில் மற்றொன்றின் நுனியையும் வைத்து, இடையே 1 செ.மீ. இடைவெளி விட்டு, நைலான் நூலால் இறுகக் கட்டுக. நடுக்கம்பியை மேற்கம்பியோடும், பின்னலைக் கீழ்க்கம்பியோடும் சேர்த்து ஈயப்பற்று வைக்கவும். செப்புக் கம்பி தடித்ததாகையால் அதனை முன்னரே உப்புத்தாளால் தேய்த்து, நன்கு சூடேற்றி, ஈயம் பூசி வைத்துக்கொள்ளுதல் நலம். ஈயம் மின்னும் நீர்போல் படர்ந்திருக்க வேண்டும். உருண்டு திரண்டு நின்றால் பற்றுச் சரியில்லை என்று அறிக.

ஐந்தாவதாக, பற்று வைத்த இடங்களையும் கேபிளின் வெட்டிய வாயையும் எபாக்சி பசையால் முழுதும் மூடி, ஓர் இரவு காயவிடுக. இதனைச் சோம்பி விடுதல் ஆகாது. காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

ஆறாவதாக, கீழ்க்கம்பியை டீயின் மேல்வாய் வழியே கீழிறக்கி, கேபிளை மெல்லப் பின்னிழுத்து, அளவுகோல் துண்டு டீயின் நடுவில் அமையுமாறு செய்க. மேற்கம்பியின்மீது ஒரு குழாய்த் துண்டையும், கீழ்க்கம்பியின்மீது ஒரு குழாய்த் துண்டையும் செருகிப் பசையிடுக. உச்சியில் மூடியைப் பசையிட்டு மூடுக. அடியில் உள்ள மூடியின் நடுவே 3 மி.மீ. துளையிட்டு, உட்புறம் கொசுவலைத் துண்டை ஒட்டிப் பின்னர் மூடுக.

இவ்வாறு அமைந்த ஆண்டெனாவின் மின் தடை ஏறத்தாழ 73 ஓம். 75 ஓம் கேபிளோடு இது நன்கு பொருந்தும். இடையே வேறு கருவி எதுவும் வேண்டுவதில்லை. கேபிள் 40 செ.மீ. துண்டினின்று வெளிவரும் இடத்தில், அதனை ஒரு சாண் அகல வளையமாக நான்கைந்து சுற்றுச் சுற்றிக் கட்டினால், கேபிளின் புறப்பின்னல் வழியே வரும் இரைச்சல் ஓரளவு தடுக்கப்படும்.

மேலே அடை, கீழே திற

இனி, நீரைப் பற்றிக் கூறுவோம். காற்று ஆண்டெனாவைச் சாய்த்துவிடும் என்று அஞ்சாதவர் இல்லை. நீரைப் பற்றி நினைப்பவர் சிலரே. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று மேற்கூறிய ஆண்டெனாவைத் தள்ளும் விசை, ஏறத்தாழ 6 கிலோ எடை இழுப்பதற்கு ஒப்பானது. வேகம் அதிற் பாதியானால் விசை நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும். நல்ல குழாயும் உறுதியான கிளாம்பும் இதனைத் தாங்கும். நீரோ ஓசையின்றி ஆண்டுக்கணக்கில் வேலை செய்கிறது.

கேபிளின் பின்னல் விளக்குத் திரியைப் போன்றது. திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல், வெட்டிய வாயில் ஒரு துளி நீர் பட்டாலும் பின்னல் அதனை உறிஞ்சி மேலுறைக்குள் நெடுந்தொலைவு கொண்டு செல்லும். செம்பு முதலில் கறுக்கும். பின்னர்ப் பச்சை பூக்கும். ஈரமேறிய கேபிள் அலைகளை வெப்பமாக்கி விழுங்கிவிடும். நல்ல கேபிளே 20 மீட்டர் நீளத்தில் நாலில் ஒரு பங்கு ஆற்றலை இழக்கும். ஈரமேறியதன் இழப்போ பன்மடங்கு. ஈரமேறிய கேபிளைக் காயவைத்துச் சரி செய்தல் இயலாது. பச்சையும் கறுப்பும் நீங்கிச் செம்பு பளிச்சிடும் இடம் வரை வெட்டி எறிவதே வழி. வெட்டிய வாயை எபாக்சியால் மூட வேண்டும் என்று வற்புறுத்தியது இது பற்றியே.

குழாயை எப்பக்கமும் மூடிவிட்டால் நீர் புகாதே என்று சிலர் கருதலாம். இது தவறு. பகலில் வெயிலாற் சூடேறிய குழாயினுள் காற்று விரிந்து வெளியேறுகிறது. மாலையில் திடீரென மழை பெய்து குழாய் குளிர்ந்தால், உட்காற்றுச் சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத சிறு பிளவுகளின் வழியே ஈரக்காற்றை உள்ளிழுக்கிறது. அவ்வீரம் உள்ளே பனித்துளிபோல் படிந்து, வெளியேற வழியின்றித் தேங்குகிறது. இவ்வாறு குழாய் நாள்தோறும் மூச்சு விடுகிறது. ஆகவே, மேற்புறத்தை ஐயமின்றி அடைத்து, தாழ்ந்த இடத்தில் வழி திறந்து வைப்பதே முறை. நமது அமைப்பில் அடிமூடியின் துளை ஒரு வடிகால்; கீழ்நோக்கிய 40 செ.மீ. துண்டின் வாய் மற்றொரு வடிகால். கிடைக்குழாய் கம்பத்தை நோக்கிச் சிறிது சரிந்திருக்குமாறு பிணைத்தால், அதனுள் படியும் ஈரமும் ஓடிவிடும். இவ்விரு வாய்களிலும் கொசுவலை இடுதல் இன்றியமையாதது. இல்லையேல் குளவியும் எறும்பும் குடிபுகுந்து, மண் வைத்து அடைத்துவிடும்.

கேபிளின் நடுவே இணைப்பு இல்லாதிருத்தலே சிறப்பு. இருந்தே தீர வேண்டுமாயின், அதனைப் பொதிவதற்குத் தானே ஒன்றிக்கொள்ளும் ரப்பர் நாடாவைப் பயன்படுத்துக. இந்நாடாவில் பசை இல்லை. இருமடங்கு நீளும்படி இழுத்துச் சுற்றினால், ஒரு சுற்று அடுத்த சுற்றோடு கலந்து ஒரே ரப்பர்க் கட்டியாகிவிடும். சுற்றும்போது கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் பாதியை மூடுமாறு மேல்நோக்கிச் செல்ல வேண்டும். அப்போதுதான் மேலடுக்குக் கீழடுக்கின்மீது கவிந்து, கூரை ஓடு நீரை வடிப்பது போல வடிக்கும். மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் நீரை ஏந்தும் கிண்ணமாகிவிடும். ரப்பர் நாடாவின்மேல் வெயிலைத் தாங்கும் பொருட்டுப் பி.வி.சி. நாடாவை ஓர் அடுக்குச் சுற்றுக. பி.வி.சி. நாடாவை மட்டும் சுற்றி வைப்பது பயனற்றது. இரண்டு கோடைக்குள் அதன் பசை உருகி வழிந்து, நாடா பிரிந்து தொங்கும்.

அடைப்பதற்கு உதவும் சிலிகான் பசையை வாங்கும்போது மோந்து பார்க்க வேண்டும். காடி நெடி வீசும் வகை, காயும்போது அமிலத்தை வெளியிட்டுச் செம்பை அரிக்கும். நெடியற்ற நடுநிலை வகையே உலோகத்திற்கு ஏற்றது.

கேபிள் வீட்டினுள் நுழையும் இடத்தில், நுழைவாய்க்குச் சற்றுக் கீழே தொங்குமாறு அதனை வளைத்துப் பின்னர் மேலேற்றிச் சுவர்த்துளைக்குள் செலுத்துக. கேபிள்மேல் வழிந்துவரும் மழைநீர் அவ்வளைவின் அடியில் சொட்டிவிடும், வீட்டினுள் வராது.

குழாய்க்கு வெயிலும் பகையே. பி.வி.சி. நாளடைவில் வெளுத்து உடையக்கூடியதாகும். வெளிர்நிறச் சாய வண்ணத்தை இரு முறை பூசினால் அதன் ஆயுள் நீளும். ஆனால் வெள்ளி நிற அலுமினிய வண்ணத்தை ஒருபோதும் பூசலாகாது. அதிலுள்ள உலோகத் துகள்கள் அலையைத் தடுக்கக்கூடும்.

கம்பமும் கயிறும்

கடலோரத்தில் எளிதிற் கிடைக்கும் சவுக்குக் கம்பமே இதற்குப் போதுமானது. 7 மீட்டர் கம்பத்தில் 1 மீட்டரை மண்ணில் புதைக்க வேண்டும். மணற்பாங்கான இடமாயின் ஒன்றேகால் மீட்டர். புதையும் பகுதிக்கும், அதற்கு மேல் ஒரு முழத்திற்கும் தார் பூசுக. கம்பம் மண்ணோடு சேரும் அவ்விடமே முதலில் உளுத்துப் போவது.

பாய்மரத்தை மூன்று பக்கமும் இழுத்துக் கட்டும் கலையை மீனவர்க்கு நாம் கற்பிக்க வேண்டுவதில்லை. அவ்வாறே ஆண்டெனாவுக்குச் சற்றுக் கீழிருந்து மூன்று திசைகளில் சம இடைவெளியில் கட்டுக் கம்பிகளை இழுத்து முளையடித்துக் கட்டுக. துத்தநாகம் பூசிய முறுக்குக் கம்பி நல்லது; நைலான் கயிறாயின் வெயிலில் நைந்துவிடுமாதலால் ஆண்டுதோறும் மாற்ற வேண்டும். இரும்புக் கம்பம் நடுவோர், நிலையம் உள்ள திசையை நோக்கி ஆண்டெனா அமையுமாறு பிணைத்தல் நன்று; கம்பத்திற்கும் ஆண்டெனாவுக்கும் இடையேயுள்ள 80 செ.மீ. இடைவெளியைக் குறைத்தல் கூடாது.

மின்கம்பியும் இடியும்

உயிரைக் காக்கக் கட்டும் ஆண்டெனா உயிரைப் போக்குவதாதல் கூடாது. கம்பத்தை நிமிர்த்தும்போதோ இறக்கும்போதோ அது சாய்ந்து மின்கம்பியில் படுவதால் விபத்துகள் நேர்கின்றன. ஆகவே கம்பத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தொலைவிற்குள் மின்கம்பி எதுவும் இல்லாத இடத்தையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். 6 மீட்டர் கம்பத்திற்கு 9 மீட்டர் விலக்கு வேண்டும் என்பது கருத்து. காற்று வீசும் நாளிலும் மழை நாளிலும் இவ்வேலையைத் தொடலாகாது.

கேபிள் வீட்டினுள் நுழையுமுன், அதன் பின்னலைத் தடித்த செப்புக் கம்பியால் நிலத்தில் அடித்த செப்புக் கோலோடு இணைத்தல் நலம். இரும்புக் கம்பமாயின் கம்பத்தையும் அவ்வாறே இணைக்க வேண்டும். இவ்வேற்பாடு நேர் இடியைத் தடுத்துவிடாது. இடி முழங்கத் தொடங்குமுன்னரே கேபிளை வானொலியினின்று கழற்றி வீட்டிற்கு வெளியே போட்டுவிட வேண்டும். முழக்கம் தொடங்கியபின் அதனைத் தொடலாகாது. அவ்வேளையில் வானொலியின் சொந்தக் கம்பியைக் கொண்டே கேட்டுக்கொள்க.

வானொலியோடு இணைத்தல்

ஆண்டெனா வாய் உள்ள பெட்டியாயின் கேபிளை நேரே செருகலாம். சிறு பெட்டிகளில் நீட்டிச் சுருக்கும் கம்பி மட்டுமே உண்டு. அதனைச் சுருக்கி வைத்து, கேபிளின் நடுக்கம்பியை ஒரு சிறு கவ்வியால் அதனோடு இணைக்கவும். பின்னலைப் பாட்டரியின் எதிர்முனையோடு இணைத்தால் ஒலி மேலும் தெளியும். மின்சாரத்தில் இயங்கும் பெட்டியில் இவ்வாறு செய்தல் கூடாது.

ஒலிபரப்பும் நிலையத்தார்க்கு

உரிமம் பெறாமல் ஒலிபரப்புதல் சட்டப்படி குற்றமாகும். மேலே கூறியவை கேட்பதற்குரிய ஆண்டெனாவைப் பற்றியவை. உரிமம் பெற்ற சமுதாய வானொலி நிலையத்தில் ஆண்டெனாவின் உயரம் பொதுவாக 15 மீட்டருக்குக் குறையாமலும் 30 மீட்டருக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும் என்பது விதி. அங்கு 50 ஓம் கேபிளும், அதற்கேற்ற தடித்த உலோகக் குழாய் ஆண்டெனாவும் பயன்படும். அளவில் ஓரிரு சென்டிமீட்டரும் அங்குப் பொருட்படுத்தத்தக்கதே. ஆயினும் நீர் காக்கும் நெறி இரண்டிற்கும் ஒன்றே.

நிலையத்தில் பணிபுரியும் இளைஞர்கள் நாள்தோறும் செய்யத்தக்க எளிய வேலை ஒன்று உண்டு. அனுப்பும் ஆற்றல் எவ்வளவு, ஆண்டெனாவினின்று திரும்பி வரும் ஆற்றல் எவ்வளவு என்பதை அளவுமானியில் பார்த்து, குறிப்பேட்டில் எழுதி வருதலே அது. நல்ல நிலையில் உள்ள ஆண்டெனாவில் நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் திரும்புவதில்லை. மழை நாளில் அவ்வெண் ஏறி, வெயில் நாளில் பழையபடி இறங்குமாயின், எங்கோ ஓர் இணைப்பில் நீர் புகுகிறது என்பது உறுதி. இதனைப் புரட்டாசியிலேயே கண்டுகொண்டால் ஒரு நாடாச் சுருளோடு வேலை முடியும். காணாது விட்டால் கார்த்திகைப் புயலின் நடுவே நிலையம் ஊமையாகும். கோபுரத்தில் ஏறுமுன் ஒலிபரப்புக் கருவியை நிறுத்தி, அதன் மின் இணைப்பையும் துண்டித்துவிட வேண்டும். இயங்கும் ஆண்டெனாவைத் தொட்டால் தோல் கருகும்.

ஆண்டுக்கு இருமுறை

கேட்போர் ஆண்டெனாவையும் ஆண்டில் இருமுறையேனும் இறக்கிப் பார்த்தல் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில் ஒருமுறையும், மழை ஓய்ந்தபின் தை மாதத்தில் ஒருமுறையும் பார்ப்பது பொருத்தம். வடிகால் துளை திறந்துள்ளதா, கொசுவலை கிழிந்துள்ளதா, கிளாம்புகள் இறுக்கமாக உள்ளனவா, கேபிள் மேலுறையில் வெடிப்பு உண்டா, கம்பத்தின் அடி உளுத்துள்ளதா என்னும் ஐந்தையும் வரிசையாகக் காண்க. வெயில் நாளில் தெளிவாகக் கேட்ட நிலையம் மழை நாளில் மட்டும் இரைந்தால், நீர் புகுந்துள்ளது என்று துணிந்து, கேபிளின் இரு நுனிகளையும் சோதிக்கவும்.

ஒன்றை மறத்தலாகாது. பண்பலையின் குரல் கரையையும், கரையை ஒட்டிய கடலையும் தாண்டுவதில்லை. ஆழ்கடலில் உள்ள மீனவர்க்கு எச்சரிக்கை எட்டுவதற்கு வேறு சாதனங்கள் வேண்டும். ஆயின், புறப்படுமுன் கரையில் இருப்பவரைத் தடுத்து நிறுத்துதற்கும், புயலுக்குப்பின் எங்கே உணவு, எங்கே மருத்துவர், எந்தச் சாலை திறந்துள்ளது என்பதை ஊராருக்கு அறிவிப்பதற்கும் இச்சிறு வானொலி பெரிதும் உதவும்.

ஒரு குழாய், ஒரு முழக்கோலளவு செப்புக் கம்பிகள் இரண்டு, ஒரு பகற்பொழுது உழைப்பு: இவ்வளவே இதற்கு வேண்டும் முதலீடு. ஊராட்சி மன்றத்தினரும், பள்ளி ஆசிரியர்களும், மகளிர் குழுவினரும், இளைஞர் மன்றத்தினரும் ஒன்றுகூடி, புயல் பாதுகாப்பு மையத்திலோ பள்ளிக் கட்டடத்திலோ இத்தகைய ஆண்டெனா ஒன்றை இவ்வாண்டு மழைக்கு முன்னரே நிறுவுவார்களாக. நிறுவியபின், புரட்டாசியிலும் தையிலும் அதனைப் பார்க்கும் பொறுப்பினை இருவரிடம் பெயர் குறித்து ஒப்படைப்பார்களாக. அப்பொறுப்பு நிறைவேறினால், காற்றும் மழையும் கூடி இரைக்கும் இரவிலும் ஊரார் தமக்குரிய செய்தியைத் தெளிவாகக் கேட்பர்.